சீதோன் சதோனுக்குத் தமிழில் என்ன?

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் 14 பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ரங்கூனில் பிறந்து பர்மியப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள். வீட்டில் அம்மாவிடம் தமிழ், தெருவில் இறங்கினால் பர்மியம், கைபேசியில் எது வாய்க்கிறதோ அது. ழகரமும் ளகரமும் அவர்களுக்கு ஒன்றுதான். எனக்கும் பாதி நாள் அப்படித்தான். 'ஐயா' என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், வாயில் 'சயா'தான் வருகிறது. வாத்தியாருக்கு பர்மியத்தில் அதுதானே சொல், சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர்களுக்காக ஒரு பயிற்சித்தாள் தயாரித்தேன். இடது பக்கம் பத்து பர்மியச் சொற்கள், வலது பக்கம் பத்துக் கோடுகள். 'ஒரே சொல்லில் தமிழ் வினை எழுதுக' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். ஒரு சொல் என்று கறாராகச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் கதை எழுதிவிடுவார்கள். ஒன்பதாவதாக வைத்த சொல் 'சீதோன் சதோன்'. பர்மியம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: 'சீ' என்றால் தூக்கு. கைக்குழந்தையைத் தூக்குவதற்கும் அதே 'சீ'தான். 'ச' என்றால் கீழே வை. கூடவே வரும் 'தோன்', ஒன்று மாற்றி ஒன்று நடப்பதைக் காட்டுகிற ஒட்டு. தூக்குவான், வைப்பான், தூக்குவான், வைப்பான். முடிவெடுக்க முடியாமல் கிடக்கிறவனை பர்மியர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

பதின்மூன்று பிள்ளைகள் 'தயங்கு' என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் நான் பலகையில் எழுதிப்போட்டது அதுதான். ஒருத்தி மட்டும் கோட்டைக் காலியாக விட்டிருந்தாள். பதினைந்து வயது, கடைசி வரிசை, அதிகம் பேசாத பிள்ளை.

"ஏம்மா இதை மட்டும் விட்டுட்டே?"

"தயங்குன்னா சரியா வரல சயா."

"ஏன் வராது?"

"தயங்கித் தயங்கிக் கேட்டான்னு சொல்றோம்ல. அப்ப கடைசியில கேட்டுட்டான். சீதோன் சதோன்னா கேக்கவே மாட்டான்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். ஒன்றும் வரவில்லை. உச்சிக்கால பூசைக்கு மணி அடித்தார்கள். அந்த மணியை அன்று மாதிரி நான் என்றைக்கும் வரவேற்றதில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் கோயிலில் திருவிழா. அதற்கடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இருந்தது உண்மைதான். வகுப்புக்குப் போகமுடியாத அளவுக்கு இருந்ததா என்று கேட்டால் அது வேறு.

ஊசலும் பூனையும்

வீட்டில் இருக்கும் பழைய அகராதியை முதலில் எடுத்தேன். 'ஊசலாடு' என்று போட்டிருந்தது. பத்திரிகைத் தமிழில் இதற்கு நல்ல கிராக்கி. அவருடைய மனம் ஊசலாடியது, நோயாளியின் உயிர் ஊசலாடுகிறது, ஆட்சி ஊசலாடுகிறது. ஆனால் யாராவது வீட்டில் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? "காலையில தோசையா மொகிங்காவானு ரொம்ப நேரம் ஊசலாடினேன்" என்று என் மனைவியிடம் சொன்னால், உடம்புக்கு என்ன என்று கேட்பாள். ஊசல் என்றால் ஊஞ்சல். அதில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேலையே கிடையாது. யாரோ ஒருமுறை தள்ளிவிட்டால் தானாகப் போய்த் தானாக வரும். காற்று முகத்தில் அடிக்கும், சுகமாகக்கூட இருக்கும். தூக்கி வைக்கிறவனுக்குக் கை வலிக்கும். இரண்டையும் ஒரு கோட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் 'தடுமாறு'. அது காலைப் பற்றிய சொல். வழுக்கினால் தடுமாறுவோம், பேச்சு வராவிட்டால் தடுமாறுவோம். எதிரே இரண்டு வழி இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. 'குழம்பு' என்பது தண்ணீரைப் பற்றியது. கலங்கிப்போன குட்டை, அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாத நிலை. (அடுப்பில் கொதிப்பதற்கும் அதே பெயர் என்பதால் பிள்ளைகள் இந்தச் சொல்லைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.) ஆனால் சீதோன் சதோன் ஆசாமிக்குக் குழப்பம் எதுவும் இல்லை. இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியும். தெளிவாகத் தெரிவதுதான் அவனுக்குத் தொல்லை.

பழைய தமிழில் தேடினேன். தொல்காப்பியத்தின் உரியியலில் 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்று ஒரு நூற்பா உண்டு. மனம் ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வருவது. அழகான சொற்கள்தான், ஆனால் கொன்ஸேதான் தெருவில் நின்று 'தெருமருகிறேன்' என்று சொன்னால் தெருவில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள். 'தயங்கு' கூட அந்தக் காலத்தில் வேறு மாதிரி இருந்திருக்கிறது. சங்கப் பாட்டில் கடல் அலை தயங்கும், அசையும், மினுங்கும். அலையின் அந்த அசைவு எப்படியோ மனுசனுக்குள் வந்து கூச்சமாக மாறியிருக்கிறது.

அதைவிட ஆச்சரியம் 'தூங்கு'. பழைய தமிழில் தூங்குவது என்றால் தொங்குவது, ஆடுவது. தூங்கணாங்குருவியின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. கூடு கிளையில் தூங்குகிறது அல்லவா. வள்ளுவர் காலத்திலேயே அது 'தாமதி' என்ற பொருளுக்கும் வந்துவிட்டது. 'தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை' என்பது 672-ஆம் குறள். வகுப்பில் இதைப் படித்தபோது, திருவள்ளுவரே தூங்கச் சொல்லிவிட்டார் என்று பையன்களுக்கு ஒரே கும்மாளம். தள்ளிப்போடக் கூடியதைத் தள்ளிப்போடு, கூடாததைத் தள்ளிப்போடாதே என்கிறார் மனிதர். எது எந்த வகை என்று தெரிந்தவனுக்கு இந்தக் குறளே தேவையில்லை என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. புலவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவேண்டும்.

மரபுத்தொடர்களையும் விடவில்லை. மதில்மேல் பூனை: பூனைக்கு மதில்மேல் இருப்பதில் ஒரு சிரமமும் இல்லை, கீழே நின்று பார்க்கிற நமக்குத்தான் அது எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு: இரண்டு பக்கமும் நெருப்பு, பாவம், அதற்குத் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது இரண்டையும் விடாமல் வைத்துக்கொண்டு சமாளிக்கிறவனுக்குச் சொல்வது, கொஞ்சம் திருட்டுத்தனம் கலந்தது. எதுவும் ஒட்டவில்லை. ஆனால் இவற்றையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. முடிவெடுக்காதவனைப் பற்றித் தமிழில் பேசும்போதெல்லாம் நாம் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறோம், முக்கால்வாசி நேரம் திட்டுகிறோம். அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

பேச்சுத் தமிழில் நாம் இதற்கு வைத்திருக்கும் சொற்கள் அகராதியில் அந்த இடத்தில் இருக்காது. 'யோசி' அப்படி ஒன்று. "கடன் கேட்டேன், யோசிக்கிறான்" என்றால் அவன் யோசிக்கவே இல்லை, கொடுக்க மனமில்லை என்று அர்த்தம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று பெண்வீட்டார் சொன்னால் தரகர் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார். இன்னொன்று 'பார்ப்போம்'. எங்கள் தாத்தா வாயில் அதிகம் புழங்கிய சொல் அதுதான். ராத்திரி சோற்றில் மோர் ஊற்றிப் பிசையும்போது அப்பத்தா எதையாவது கேட்பார். தாத்தா தட்டைப் பார்த்தபடி "பார்ப்போம்" என்பார். என்னத்தைப் பார்த்தார், எங்கே பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது.

தயங்குவதற்கு நேரான பர்மியச் சொல்லும் இந்தத் தேடலில் கிடைத்துவிட்டது. 'ஆ நா' என்பார்கள். 'ஆ' என்றால் வலு, 'நா' என்றால் வலி. அடுத்தவரைத் தொந்தரவு பண்ணிவிடுவோமோ, சங்கடப்படுத்திவிடுவோமோ என்று ஒன்றைக் கேட்காமலோ சொல்லாமலோ நிற்பது. இந்த ஊரில் பாதிக் காரியம் ஆ நாவில்தான் நிற்கிறது. நம் 'தயங்கு' உட்காரவேண்டிய இடம் அதுதான். அந்தப் பெண் சொன்னது சரி. நான் பலகையில் எழுதிப்போட்டது தப்பு.

பச்சைப் பெட்டி

சீதோன் சதோன் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில். எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பச்சை வண்ணம், மூலைகளில் துரு, மூடியில் வெள்ளை எழுத்தில் தாத்தாவின் பெயர், அதன்கீழே 'மெட்ராஸ்'. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது வாசற்கதவை ஒட்டித்தான் இருக்கிறது. குடிவந்த நாளிலிருந்து மூன்றாம் மாடி. ரங்கூனில் பழைய வீட்டு மாடிப்படி தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஏணியைக் கொஞ்சம் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். அதனால்தான் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப்போ பையோ கட்டியிருக்கும். பேப்பர், கீரை, தேயிலை எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். சின்ன வயதில் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் நான் செருப்பு மாட்டுவேன். கீழ்வீட்டு பர்மியப் பாட்டியை நாங்கள் 'அபுவா' என்போம். எப்போதாவது மேலே வந்தால் அந்தப் பெட்டியைக் கையால் தட்டி, "சீதோன் சதோன்" என்று சொல்லிச் சிரிப்பார். பெட்டிக்கு பர்மியத்தில் அதுதான் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா முடிவெடுக்கத் தெரியாதவர் இல்லை. 14 வயதில் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதற்கடுத்த மாதங்களில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்கு நடந்தபோது அவரும் நடந்தார். யோசிக்கவே இல்லையாம். எல்லை ஊரான தமு வழியாக மலையேறி மணிப்பூர்ப் பக்கம் இறங்கினார். வழியில் என்ன பார்த்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை; பட்டாணி வேகும் வாசனை மட்டும் அவருக்குக் கடைசிவரை ஆகாது, ஏன் என்றும் சொன்னதில்லை. போர் முடிந்ததும் 1946-ல் திரும்பி வந்தார். அப்போதும் யோசிக்கவில்லை. முகல் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து 18 வருடம் கெஜக்கோலும் கத்தரியுமாக நின்றார்.

1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50 க்யாட், 100 க்யாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சேர்த்து வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் காகிதக் கட்டோடு நின்றார்கள். அந்த வருடங்களில் இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர் இந்த நாட்டை விட்டுப் போனார்கள். மெட்ராஸுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கப்பல் கப்பலாகப் போனார்கள். தெருவில் அடுத்தடுத்த வீடுகள் காலியாயின. தாத்தாவின் தம்பி அப்பவே சொல்லிவிட்டாராம்: "வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுண்ணே. கிளம்பிருவோம்." தாத்தா, "பார்ப்போம்" என்றார். ஆனால் பெட்டி வாங்கினார், வண்ணம் அடித்தார், பெயர் எழுதுகிற ஆளைக் கூட்டிவந்து மெட்ராஸ் என்று எழுதவும் வைத்தார்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்தப் பெட்டி எத்தனை தடவை கட்டப்பட்டது, எத்தனை தடவை பிரிக்கப்பட்டது என்பதற்குக் கணக்கில்லை. அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "பள்ளிக்கூடம் விட்டு வந்தா முதல்ல பெட்டியத்தான் பாப்பேன்டா. வாசல்ல இருந்தா போறோம். கட்டிலுக்கடியில இருந்தா இருக்கோம்" என்பார். அப்பத்தா சேலைகளை அடுக்குவார். தாத்தா வந்து இரண்டை எடுத்துக் கொடியில் போடுவார், "இது இங்க கட்ட வேணும்ல" என்று. மறுநாள் அவரே அதை மடித்து உள்ளே வைப்பார்.

கடைசியில் அப்பத்தா பொறுக்கமாட்டாமல், அம்மன்கிட்ட கேட்டுவிடுவோம் என்றார். பூக்கட்டிப் பார்ப்பது. தமிழர்கள் 1871-ல் கட்டிய காளி கோயில் பக்கத்துத் தெருவில்தான். ஒரு வெள்ளிக்கிழமை போனார்கள். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் பொதிந்து, நார் சுற்றி, ஒன்றுபோல இரண்டு பொட்டலம். வெள்ளை வந்தால் போகிறோம், சிவப்பு வந்தால் இருக்கிறோம். எடுக்கச் சொன்னது அப்பாவை. அப்பாவுக்கு அந்த இலையின் ஈரம்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நேரம் இரண்டின்மேலும் கையை வைத்துப் பார்த்தாராம், எது கனம் என்று. ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குருக்கள் நாரை அவிழ்த்தார். நந்தியாவட்டை.

தாத்தா கொஞ்ச நேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னப் பையன், கை நடுங்கிருச்சு. இன்னொருக்கக் கட்டுங்க சாமி" என்றார். குருக்கள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி கட்டிப்போட்டார். இந்தத் தடவை அரளி. "பாத்தியா" என்று அப்பத்தா பக்கம் திரும்பியவர், முகத்தில் சந்தோஷம் வந்த வேகத்திலேயே போய்விட்டதாம். "ஒண்ணுக்கு ஒண்ணு ஆச்சு. மூணாவது ஒண்ணு பாத்துட்டா..." என்று இழுத்திருக்கிறார். குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இது துணிக்கடை இல்லப்பா, பேரம் பேசுறதுக்கு" என்றார். அப்பத்தா சிரித்துவிட்டார். கோயிலிலிருந்து வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தார் என்று அப்பா சொல்வார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாராம்.

1965-ல், மழைக்காலம் முடிந்து, ஒரு கப்பலில் எல்லாருக்குமே இடம் வந்துவிட்டது. சின்னத்தாத்தா குடும்பம், எங்கள் குடும்பம் இரண்டுக்கும். காலை ஐந்து மணிக்குப் பெட்டியைப் படியில் இறக்கினார்கள். கீழே அபுவா விளக்கு பிடித்தார். தெருவில் சைக்கா காத்திருந்தது. சைக்கா என்றால் பக்கவாட்டில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா. பெட்டியை ஏற்றியாயிற்று. சின்னத்தாத்தா வண்டி முன்னால் போய்விட்டது. தாத்தா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து, "பூட்டுனமா?" என்றார். பூட்டியது எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மேலே போனார்.

அப்பா கீழே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம், பொழுது விடிய விடிய அதன் இலைகள் விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார். அவித்த கடலைக்காரி வந்தாள், அப்பத்தா ஒரு கூம்பு வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்று முடித்தார். சைக்காக்காரன் காத்திருப்புக் கூலி கேட்டான், கொடுத்தார்கள். மறுபடி கேட்டான். அப்பத்தா தலையைத் தூக்கி மூன்றாம் மாடியைப் பார்த்தார், கூப்பிடவில்லை. பால்கனியில் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் சுவரில் பாதிக்கு இறங்கியபோது ஆற்றுப் பக்கமிருந்து சங்கு ஊதிக் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் தாத்தா இறங்கி வந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பெட்டியின் ஒரு காதைப் பிடித்தார். மற்றக் காதை அப்பத்தா பிடித்தார். மேலே கொண்டுபோய்க் கதவை ஒட்டி வைத்தார்கள். கட்டிலுக்கடியில் தள்ளவில்லை. அபுவா விளக்கை அணைத்துவிட்டுத்தான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார், பாதி கேலியாக, பாதி வேறு ஏதோவாக.

நான் வளர்ந்த பிறகு அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன், இங்கேயே இருப்பது என்று தாத்தா எப்போது முடிவு பண்ணினார் என்று. "முடிவா? முடிவெல்லாம் பண்ணலடா. முடியாமப் போச்சு" என்றார். முடிவும் முடியாமையும் ஒரே வேரிலிருந்து வருகிறவை. அப்பாவுக்கு இலக்கணம் எதுவும் தெரியாது, பேச்சுவாக்கில் சொன்னார்.

வெட்டு ஒன்று

தமிழனும் பர்மியனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். முடிவெடுப்பது என்றால் இரண்டு பேருக்குமே வெட்டுவது. பர்மியத்தில் 'சோன்ப்யா' என்பார்கள். முடிதல் ஒன்று, வெட்டுதல் ஒன்று, சேர்த்தால் தீர்மானித்தல். தீர்மானிக்க முடியாவிட்டால் 'வே க்வே மயா', பிளந்து பிரிக்க முடியவில்லை. தமிழில் 'துணி'. தலையைத் துணித்தான் என்றால் வெட்டினான். எண்ணித் துணிக என்றால் தீர்மானித்து இறங்கு. சுருளிலிருந்து வெட்டிய துண்டு என்பதால்தான் உடுத்துவதும் துணி. நாளெல்லாம் கெஜம் கெஜமாகத் துணி வெட்டியவர் எங்கள் தாத்தா. ஒரு நூல் பிசகாது என்று பெயர் வாங்கியவர். இதைச் சொன்னால் கட்டுரைக்காக ஜோடித்தது மாதிரி இருக்கிறது, ஆனால் அவர் பார்த்த வேலை அதுதான், நான் என்ன செய்ய?

வெட்டி முடித்தவர் சின்னத்தாத்தா. அவர் கதையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் தாத்தாவுக்கு அநியாயம் ஆகிவிடும். மெட்ராஸில் இறங்கினார்கள், முகாமில் இருந்தார்கள், ஒரு பர்மா காலனியில் இடம் கிடைத்தது. அங்கே அவர்கள் பேசிய தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள், வேலை கிடைக்கவில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. அவரைப் போலப் பல குடும்பங்கள் தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பின. மணிப்பூர்வரை போய் எல்லையைக் கடக்க விடாததால், இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் மோரே என்ற எல்லை ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் இருக்கிறது. அண்ணன் 1942-ல் நடந்துபோன அதே பாதையில், அதே தமுவுக்கு எதிர்க்கரையில், தம்பி கடைசிவரை இட்லிக்கடை வைத்திருந்தார். ஒரே ஒரு கடிதம் எங்களிடம் இருக்கிறது. அதில் தன் கடையைப் பற்றி எழுதிவிட்டு, கடைசி வரியில், 'இங்கிருந்து பார்த்தால் பர்மா மலை தெரிகிறது' என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு பேரில் யார் மதில்மேல் பூனை? எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்று இளவயதில் நினைத்திருந்தேன். தாத்தாமேல் கோபம்கூட இருந்தது. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அப்பாவுக்குக் கிடைத்தது நீல அட்டை. அந்த வகைக் குடிமகனுக்கு பர்மியத்தில் இருக்கும் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'விருந்தாளிக் குடிமகன்'. அந்த அட்டையோடு வேலை தேடி அலைந்த நாட்களில் அப்பா வாயே திறக்கமாட்டார், நான்தான் பெட்டியை ஒரு உதை உதைத்துவிட்டுப் போவேன். இப்போது உதைப்பதில்லை. அரிசி கொட்டி வைத்திருக்கிறோம். ரங்கூன் யாங்கோன் ஆகிவிட்டது, மெட்ராஸ் சென்னை ஆகிவிட்டது. போகவேண்டிய ஊருக்கும் இருக்கிற ஊருக்கும் பெயர் மாறியும் பெட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆக, சொல்லுக்கு வருகிறேன். மூன்று வாரம் முன்பு, அரிசி எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது, அப்பா யாருடனோ போனில் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார். "எங்க அய்யா எடுக்கிறதும் வைக்கிறதுமாவே இருந்துட்டாரு" என்றார். ஆழாக்கோடு அப்படியே நின்றேன். எடுக்கிறதும் வைக்கிறதும். சீயும் சவும். இரண்டு 'உம்', பின்னால் ஒரு 'ஆ'. அந்த தோனுக்கும் தமிழில் ஒட்டு இருக்கிறது, அதுவும் எவ்வளவு சாதாரணமாக! போவதும் வருவதுமாக, அழுவதும் சிரிப்பதுமாக என்று தினமும் பேசுகிறோம். நான் அகராதியில் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அது இரண்டு வினையும் இரண்டு உம்மையுமாக வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கொஞ்சம் பெருமையோடுதான், "எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "அதேதான் சயா. எங்கண்ணன் அப்படித்தான் இருக்கான். மலேசியாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்து ஆறு மாசம் ஆச்சு. பையைக் கட்டுறான், பிரிக்கிறான். அம்மா ஒண்ணும் சொல்றதில்ல." கொஞ்ச நேரம் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்புறம் பையிலிருந்து அந்தப் பழைய பயிற்சித்தாளை எடுத்தாள். ஒன்பதாவது கோடு இன்னும் காலியாகவே இருந்தது. மேலே நான் போட்ட கொட்டை எழுத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

"ஆனா ஒரே சொல்லுதானே எழுதச் சொல்லியிருக்கீங்க? இது மூணு சொல்லு வருது."

தாளை வாங்கிப் பார்த்தேன். கோட்டின் நீளத்தைப் பார்த்தேன். விதியை எழுதியதும் நான்தான், அதை அடித்துவிட்டால் அடுத்த வாரம் பதினான்கு கதை வரும். வாசலில் அவளைக் கூட்டிப்போக யாரோ வந்து நின்று கூப்பிட்டார்கள்.

"பார்ப்போம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து, கோட்டின்மேல் அதை எழுத ஆரம்பித்தாள்.